வாங்கிய பழைய காரைத் திருப்பிக் கொடுத்தேன்: என் அனுபவம்

கும்பகோணத்தில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் டீசல் வண்டி ஒன்று வாங்கினேன். மீட்டரில் 48,000 கிலோமீட்டர். ஆயில் மாற்ற தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குப் போனால், வண்டி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிய பையன் பழைய பில்லைக் காட்டினான். அப்போதே 1,10,000 ஓடியிருக்கிறது!

கடைக்காரர் அசரவில்லை. "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், வித்தது வித்ததுதான்." ரசீதிலும் அதையே அச்சடித்து வைத்திருந்தார்கள். அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பொய்த் தகவல் சொல்லிச் சம்மதம் வாங்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விற்றவர் வியாபாரி என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்தான், அது இழுக்கும்.

எனக்குக் கைகொடுத்தது, ரசீதில் கிலோமீட்டரையும் எழுதி வாங்கியிருந்ததுதான். வண்டியை அன்றே ஓரங்கட்டினேன். தெரிந்த பிறகும் ஓட்டினால், ஒத்துக்கொண்டுதான் ஓட்டினார் என்பார்கள். சர்வீஸ் பில் நகலோடு, ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக வக்கீல் நோட்டீஸ் போனது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னேன். அப்புறம் கடைக்காரர் தானாகவே கூப்பிட்டார்.

கமிஷன் என்று கொஞ்சம் பிடிக்கப் பார்த்தார், விடவில்லை. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் சாவி கைமாறியது. ஆர்.சி. இன்னும் என் பெயருக்கு மாறாததால், பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இரண்டையும் திரும்ப வாங்கிக் கிழித்தேன். வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.