மரத்தடியில் மழைக்கணக்கு: டர்பன் தோட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஸ்வொர்த் பக்கம் கொல்லையில் மாமரம் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: ராத்திரி மழை பெய்தும் மரத்தடிக் கறிவேப்பிலைக் கன்று வாடிக் கிடக்கிறது. "மழைதான் பெய்ததே" என்று தண்ணீர் ஊற்றாமல் விடுவதுதான் முதல் தவறு.

மழையின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இலையிலும் கிளையிலும் ஒட்டிக்கொள்ளும். மழை விட்டதும், ஏன், பெய்யும்போதே கூட, அது ஆவியாகிப் போகும். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். தூறல் நாளில் பெய்ததில் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும்; கொட்டித் தீர்க்கும் கோடைமழையில் இலை பிடித்துவைப்பது சிறு பங்குதான். அதனால் எவ்வளவு பெய்தது என்பதோடு எப்படிப் பெய்தது என்றும் பார்க்க வேண்டும். தூறலுக்குப் பிறகு சருகை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள். சருகு நனைந்திருக்கும், அடியில் மண் பொலபொலவென்று உதிரும்.

அதைப் பார்த்துவிட்டுச் சருகைக் கூட்டி எரிப்பவர்கள் உண்டு. சருகு தண்ணீரைப் பிடிக்கிறது, உண்மைதான். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வாட்டில் என்ற அகேசியா வகை மரத் தோட்டத்தில் அளந்தபோது, கிளையும் இலையும் மழையில் கால் பங்குக்கு மேல் பிடித்தன. சருகு பிடித்தது ஆறேழு சதவீதம். ஆனால் சருகு போனால் வெயில் நேராக மண்ணைக் காய்ச்சும், அடைமழையில் மேல்மண் ஓடிவிடும். மெல்லிதாக விட்டுவைத்து, தண்ணீரைச் சருகுக்கு அடியில் ஊற்றுங்கள்.

மழைமானியை மரத்தடியில் வைக்காதீர்கள். ஒரு கிளைநுனியில் தாரையாகச் சொட்டும், ஒரு முழம் தள்ளி ஒன்றும் விழாது.

அப்புறம், "மரம் நட்டால் ஓடை பெருகும்" என்ற நம்பிக்கை. மூடுபனி தவழும் மலைகளில் இலைகள் பனிநீரைப் பிடித்துச் சொட்டவிடும், அங்கே கணக்கு வேறு. மற்றபடி, டிராக்கன்ஸ்பெர்க் மலையில் கதீட்ரல் பீக் பகுதிப் புல்வெளியில் பைன் நட்ட பிறகு ஓடைநீர் குறைந்தது. இலை பிடித்ததோடு வேர் உறிஞ்சியதும் சேர்ந்துகொண்டது. தென்னாப்பிரிக்காவின் 1998 தேசிய நீர்ச் சட்டம் வணிகக் காடு வளர்ப்பை ஓடைநீரைக் குறைக்கும் செயலாகவே வகைப்படுத்தி, அதற்கு உரிமம் கேட்கிறது. கொல்லை மாமரத்துக்கு அந்தக் கவலை இல்லை.