பழைய ஜப்பான் கார்: ஆசை அவசரத்தில் செய்யும் தவறுகள்

கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் 2005 முதல் ஜப்பானியப் பழங்கார்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்து வருகிறது. யமகுச்சி தம்பதி தொடங்கியது. அங்கே கூட்டத்தைப் பார்த்தாலே யார் யார் என்று தெரிந்துவிடும். புதிதாக வந்தவர்கள் பானெட்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். இந்தக் கார்களோடு காலம் தள்ளியவர்கள் முட்டி போட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது துரு.

வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: எஞ்சினைக் கேட்டு, பெயின்ட்டைப் பார்த்து, தகரத்தை விட்டுவிடுவது. நிசான் நிறுவனம் டாட்சன் என்ற பெயரில் விற்ற 240 இசட்டையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 1969 கடைசியில் 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் வந்த கார். ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தப் பெயர் எடுபடாது என்று அமெரிக்காவில் நிசானை நடத்திய யுடாகா கதயாமா தள்ளிவிட, அங்கே 240 இசட் ஆனது. 1970இல் விலை 3,526 டாலர். கைக்கு எட்டும் விலை என்பதால் ஜனங்கள் தினமும் ஓட்டித் தேய்த்தார்கள். பனிக்கு உப்புத் தூவிய சாலைகளிலும் ஓட்டினார்கள். மெல்லிய தகரம், பேருக்கு ஒரு துருத் தடுப்பு. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதன் 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் நல்ல உழைப்பாளி. கெட்டாலும் பிரித்துச் சரிசெய்துவிடலாம். பாடி அப்படியல்ல. பேட்டரித் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பல வருடம் அமிலம் ஒழுகி அதற்குக் கீழே இருக்கும் சட்டம்வரை அரித்திருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் வழியில் இலைதழை அடைத்தால், ஈரம் அங்கேயே தங்கி உள்ளிருந்து தின்னும். பாயைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை, பின்கதவின் கீழ்விளிம்பு இரண்டையும் விடாதீர்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போனால் போதும். அது ஒட்டாத இடத்தில் இருப்பது தகரம் அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. எஞ்சினின் பெருமையை விற்பவர் நிறுத்தாமல் பேசினால் நான் நேராகப் பேட்டரிப் பக்கம் போய்விடுவேன்.

அடுத்தது, எழுத்தைப் பார்த்து ஏமாறுவது. இலங்கையில் டொயோட்டா ஹைஏஸ் வேனை 'டொல்பின்' என்று கூப்பிடுகிறார்களே, அந்த மாதிரி ஜப்பானியர் 1968இல் வந்த நிசான் ஸ்கைலைன் காருக்கு வைத்த செல்லப்பெயர் 'ஹாகோசுகா'. ஹாகோ என்றால் பெட்டி. 'சுகா', ஸ்கைலைனின் சுருக்கம். அதில் 1969இல் வந்த ஜிடி-ஆர் என்ற அதிவேக ரகம்தான் எல்லோரும் கனவு காண்பது. சாதாரண ஹாகோசுகாவை வாங்கி, பின்சக்கரத்துக்கு மேல் கறுப்புப் பட்டையை ஒட்டி, முன்னால் ஜிடி-ஆர் எழுத்தை மாட்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பலர் வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்கள். அசலுக்கான விலையைக் கொடுத்து அதை வாங்குவதுதான் தவறு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டைப் படியுங்கள். இரண்டு கதவு ஜிடி-ஆர் என்றால் 'கேபிஜிசி10', சாதாரண ஜிடி என்றால் 'கேஜிசி10'. மொத்த விலையும் அந்த ஒரு 'பி'யில் நிற்கிறது. தகட்டையும் மாற்ற முடியும் என்பதால் எஞ்சினையும் பாருங்கள். அசலில் இருப்பது எஸ்20: 1,989 சிசி, 24 வால்வு, அவற்றை இயக்க இரண்டு கேம் தண்டு. காற்று ஒரு பக்கம் நுழைந்து புகை மறுபக்கம் வெளியேறும். சாதாரணக் காரின் எல் வகை எஞ்சினில் இரண்டும் ஒரே பக்கம். மேலே மூன்று கார்புரேட்டர் பளபளத்தாலும் இந்த வித்தியாசத்தை மறைக்க முடியாது. 1973இல் வந்த அடுத்த தலைமுறை ஜிடி-ஆர் மொத்தம் 197தான். ஆகவே யாராவது "குறைந்த விலைக்கு ஒன்று இருக்கிறது" என்றால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு கண்காட்சியில் உரிமையாளர் முகத்துக்கு நேரே "இது அசலா?" என்று கேட்பது இன்னொரு தவறு. "எந்த எஞ்சின் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், அவரே எல்லாக் கதையையும் சொல்வார்.

இறக்குமதி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 25 வயதான கார் பாதுகாப்பு விதிகளிலிருந்து தப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் கணக்கு மாடல் ஆண்டிலிருந்து அல்ல, தயாரான மாதத்திலிருந்து. கலிஃபோர்னியாக்காரர்களுக்குக் கூடுதல் தலைவலி: 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது, 1976 முதல் வந்தவற்றுக்கு உண்டு. அதில் தேறாவிட்டால், துறைமுகம்வரை வந்த வண்டியை வீட்டு வாசலில் மூடிப்போட்டு வைக்க நேரிடும்.

வாங்கியபின் வரும் தவறுகள் 'திருத்தம்' என்ற பெயரில் வரும். பானெட்டின் இரு ஓரமும் கொம்புபோல் நிற்கும் கண்ணாடிகள் அசிங்கம் என்று கழற்றிக் கதவில் மாட்டுகிறார்கள். 1983 வரை ஜப்பானில் விற்ற உள்நாட்டுக் கார்களுக்குக் கதவுக் கண்ணாடி அனுமதியே இல்லை. அந்தக் கொம்புகள்தான் காரின் பிறப்புச் சான்று. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் 'கின்-கோன்' என்று மணியடிக்கும் ஒரு சாதனம் 1970களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருடம் அங்கே கட்டாயமாக இருந்தது. சகிக்காமல் பிடுங்கி எறிந்தவர்கள் அநேகம். இப்போது வேலை செய்யும் மணியைக் கேட்கக் கண்காட்சிகளில் ஆட்கள் நிற்கிறார்கள். ஜப்பானிலேயே வாங்குபவர்கள் நம்பர் பிளேட்டில் தவறுவார்கள். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 5 என்று ஒற்றை இலக்கம் மட்டும் இருந்தால் அது மிகப் பழைய பதிவு. பதிவை ஒருமுறை ரத்து செய்துவிட்டால் அந்த எண் திரும்பக் கிடைக்காது.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண உருளி சுழல்வது) கார் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைக்காதீர்கள். எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி, சீல்களில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். எஞ்சினுக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) இறங்கி, சாயந்திரம் வண்டி கிளம்ப மறுக்கும். எண்ணெய் குறைகிறதே என்றும் பதறவேண்டாம். கொஞ்சம் எண்ணெயைத் தானே எரிக்கும்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அளவு பார்க்க மறப்பதுதான் எஞ்சினைக் கொல்லும்.

ஜப்பானுக்கே போய்ப் பார்க்கிறவர்கள் பலர் யோகோஹாமாவில் உள்ள டைகோகு பார்க்கிங் பகுதியைக் கண்காட்சி மைதானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது எக்ஸ்பிரஸ் சாலையில் வண்டி ஓட்டுபவர்கள் இளைப்பாறும் இடம். கூட்டமும் சத்தமும் கூடினால் அதிகாரிகள் மூடிவிடுவார்கள். "ஆக்ஸிலேட்டரை ஒருதடவை மிதியுங்களேன்" என்று கேட்கும் வெளியூர்க்காரர்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். படம் எடுத்து இணையத்தில் போடும்போது நம்பர் பிளேட்டை மறைப்பது அங்கே வழக்கம். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஐம்பது வருடப் பெயின்ட்டில் அதன் ஜிப் உரசும்.

கார்களுக்கு அதிகச் சேதம் நடப்பது கண்காட்சி முடிந்த அடுத்த வாரம்தான் என்பது என் கணிப்பு. பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் எல்லோரும் எதையாவது பிரிக்கத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் ஒரு கார்புரேட்டரைத் திறந்தேன். ஜப்பானிய ஸ்குரூவின் தலையில் இருப்பது பார்க்க நட்சத்திரத் திருப்புளிக்கான பள்ளம்போலவே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. வழக்கமான பிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் ஏறி வழுக்கிப் பள்ளத்தை மழித்துவிடும். தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் என்று அர்த்தம். அதற்கென்று தனித் திருப்புளி மலிவாகவே கிடைக்கிறது. என் ஸ்குரூவிலும் புள்ளி இருந்தது. அதைத் துளைபோட்டு எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.