ஆண்களின் உடை பற்றிய நூல்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கல்யாணக் கோட்டு தைக்கப் போகும் இளைஞர்கள் பலர், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு மீதியைத் தையற்காரர் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆங்கில நூல்களைப் படித்துவிட்டுப் போனால், அவரிடம் என்ன கேட்பது என்பதாவது தெரிந்திருக்கும்.

முதலில் ஆலன் ஃபிளஸர் எழுதி 2002இல் வெளிவந்த 'டிரெஸ்ஸிங் த மேன்' நூலில், உடலமைப்புக்கு ஏற்ற அளவுகளையும் முகத்துக்கு ஏற்ற நிறங்களையும் விளக்கும் பகுதிகளை மட்டும் படியுங்கள். டை, காலணி பற்றியவை பிறகு ஆகட்டும்.

அடுத்து, வீட்டிலுள்ள பழைய கோட்டு ஒன்றை அணிந்து கண்ணாடிமுன் நில்லுங்கள். தோள்தையல் உங்கள் தோள் முடியும் இடத்திலேயே முடிகிறதா, கோட்டுக் காலர் சட்டைக் காலரை ஒட்டி நிற்கிறதா, கைநுனியில் சட்டை ஏறக்குறைய அரை அங்குலம் தெரிகிறதா என்று பாருங்கள். கையையும் இடுப்பையும் எளிதாகத் திருத்தலாம்; தோளைத் திருத்துவது பெரும்பாடு. இது தெரியாமல் அகலத் தோள் கோட்டு ஒன்றைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கையின் மேற்புறம் முழுவதும் சுருக்கம்.

பிறகு அணிந்திருக்கும் கோட்டைக் கழற்றி, கடைசிப் பட்டன் துளைக்குக் கீழே வெளித்துணியை ஒரு கையாலும் உட்புறத் துணியை மறு கையாலும் கிள்ளிப் பிரித்து, விரல்களால் தேய்த்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவது துணி ஒன்று தனியாக நழுவினால் அது கான்வாஸ் (கோட்டுக்கு வடிவம் தரும் நடுத்துணி) வைத்துத் தைத்தது; அப்படி எதுவும் அகப்படாமல் வெளித்துணியே விறைப்பாக இருந்தால் நடுத்துணியைப் பசையால் ஒட்டியது. பசைக் கோட்டு, சலவைச் சூட்டில் காலப்போக்கில் ஆங்காங்கே கொப்புளித்துவிடக்கூடும். இந்தச் சோதனைக்குப் பின் படித்தால் நூலின் படங்கள் வேறு விதமாகத் தெரியும்.

இரண்டாவது நூல், புரூஸ் போயர் எழுதி 2015இல் வெளிவந்த 'ட்ரூ ஸ்டைல்'. அகரவரிசையில் அமைந்த கட்டுரைகள் என்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம். எழுத்துநடைக்காக நான் அதிகம் விரும்புவது இதையே.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இவை வடக்கு அரைக்கோளத்தில் எழுதப்பட்டவை. அவர்களுடைய கோடையான ஜூலை நமக்குக் குளிர்காலம், அதுவும் டர்பனில் மிதமான குளிர்தான். ஆகவே ட்வீட், ஃபிளானல் போன்ற குளிர்காலத் துணிகள் பற்றிய பக்கங்களை அறிவுக்காகப் படித்து வையுங்கள். பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு, மீட்டருக்கு 240 முதல் 280 கிராம் எடையுள்ள, காற்றுப் புகும் நெசவுக் கம்பளித் துணியில், முதுகுப் பக்கம் பாதி லைனிங் (உட்புறத் துணி) மட்டும் வைத்துத் தைக்க இயலுமா என்று தையற்காரரிடம் கேளுங்கள்.