கேட் மோட்டாருக்கு ஒயர் வாங்கும்போது எங்கே தப்பு நடக்கிறது?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அக்கா வீட்டு இரட்டைக் கதவு கேட்டுக்கு மோட்டார் வைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வலது கதவு ஒழுங்காக ஓடும், இடது கதவு நொண்டும். "மோட்டார் வீக் ஆயிடுச்சுக்கா, மாத்திடலாம்" என்றார் எலக்ட்ரீஷியன். மோட்டார் முனையில் மீட்டர் வைத்தால் சரியாக 24 வோல்ட் காட்டியது. கதவை ஓடவிட்டு அளந்தபோதுதான் குட்டு உடைந்தது, 20-க்கும் கீழே! சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான்.

கன்ட்ரோல் பாக்ஸ் வலது பக்கம். அங்கிருந்து தரைக்கடியில் சுற்றி இடது தூணுக்குப் போக 14 மீட்டர். வீட்டு வேலையில் மிச்சமான 1 ஸ்கொயர் ஒயரை (செம்பின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர்) போட்டிருந்தார்கள். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்குக்கு 28 மீட்டர். இந்த இரட்டிப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1 ஸ்கொயர் மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழைகள் கொண்ட) செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 19.5 ஓம் வரை ரெசிஸ்டன்ஸ் உண்டு. 28 மீட்டருக்கு 0.55 ஓம். கதவைத் தள்ள மோட்டார் 8 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 4.4 வோல்ட் காலி. 230 வோல்ட்டில் இது 2 சதவீதம்கூட இல்லை. 24-இல் 18 சதவீதம். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் போட்டால் இழப்பு 1.8 வோல்ட், 4 ஸ்கொயரில் 1.1.

பெங்களூரின் எலக்ட்ரிக்கல் சந்தையான எஸ்.பி. ரோடு கடையில் "இது எத்தனை ஆம்பியர் தாங்கும்?" என்று மட்டும் கேட்டால் இந்தச் சிக்கல் தெரியாது. அந்த 1 ஸ்கொயர் ஒயர் 8 ஆம்பியரைச் சூடாகாமல் தாங்கத்தான் செய்தது. எத்தனை வோல்ட், எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. அபார்ட்மென்ட் ஸ்லைடிங் கேட்டின் 230 வோல்ட் மோட்டார் ஓடும்போது 3 ஆம்பியர்தான் எடுக்கிறது என்றால், 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயரில் ஒன்றரை வோல்ட்கூட இழப்பில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று 6 ஸ்கொயர் வாங்குவார்கள். அது மோட்டாரின் கன்ட்ரோல் போர்டில் ஒயரைச் செருகும் கனெக்டருக்குள் நுழையாது. அப்புறம் நாலைந்து இழைகளை வெட்டிவிட்டுத் திணிப்பார்கள். காசும் போச்சு, முனையும் பலவீனம்.

கேட் வெளியில், மழையில் நனையும் இரும்பு. 230 வோல்ட் லைனுக்கு எர்த் ஒயரும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) இல்லாமல் வேலையை முடிக்க விடாதீர்கள். வீட்டு ஒயரை வெறும் மண்ணில் புதைக்கக் கூடாது, பைப் வேண்டும். இல்லையென்றால் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள். மண்ணுக்கடியில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். சென்சார் ஒயரைப் பவர் ஒயரோடு ஒரே பைப்பில் விடவும் வேண்டாம்.

அக்கா வீட்டில் 4 ஸ்கொயர் வாங்கி வந்தோம். தரைக்கடியில் இருந்ததோ அரை இஞ்ச் பைப், அதிலும் ரெண்டு எல்போ. ஒயர் பாதியில் சிக்கிக்கொண்டது. புது டைல்ஸை உடைத்து ஒரு இஞ்ச் பைப் போட்டு, பின்னால் ஒயர் இழுக்க உதவும் என்று உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு மூடினோம். மோட்டார் அதே பழைய மோட்டார்தான்.