மாக்கல்லில் பாபிலோன் முத்திரை

கி.மு. 7, 6-ம் நூற்றாண்டுகளில் பாபிலோனில் புழங்கிய அழுத்து முத்திரை கட்டைவிரல் நுனி அளவுதான்: பட்டை தீட்டிய கூம்பு, மேலே கயிறு கோக்க ஒரு துளை, அடிமுகத்தில் குழித்துச் செதுக்கிய உருவம். பெரும்பாலும் சால்சிடனி என்னும் கெட்டிக் கல்லில் செய்தார்கள். கைக்கருவியோடு அதைச் செதுக்கத் தொடங்குபவருக்கு, கல்சட்டி செய்யும் மென்மையான மாக்கல்தான் சரி. குமரி மாவட்டத்து மயிலாடிச் சிற்பப் பட்டறை ஓரம் கிடக்கும் கருங்கல் சில்லை எடுக்காதீர்கள். அதன் மணிகள் ஒன்றுபோல் கடினமாக இராது, 1 மி.மீ. கோடு பெயர்ந்துபோகும். உடைந்த கல்சட்டியில் தடிமன் போதாது. கல்சட்டி விற்பவரிடம் மாக்கல் கட்டியாகவே கேளுங்கள்.

ஆக்சா பிளேடால் 2 × 2 × 3 செ.மீ. துண்டு அறுத்ததும் முதல் வேலை துளை. உச்சியிலிருந்து 1 செ.மீ. கீழே, 3 மி.மீ. பிட்டால், இரு பக்கமிருந்தும் பாதிப்பாதி போடுங்கள். ஒரே பக்கமாகப் போட்டால் மறுபக்கம் சில்லு தெறிக்கும். கூம்பாக்கிய பிறகு போட்டால் தலையே பிளக்கும். அதன்பின் அரத்தால் எட்டுப் பட்டை. தண்ணீர் தொட்டே ராவுங்கள், முகக்கவசம் கட்டாயம். மாக்கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அடிமுகத்தை 220, 400, 800 எண் உப்புத்தாளில் தேயுங்கள். நடு சற்றே மேடாக இருக்கட்டும். தட்டையாக இருந்தால் விளிம்புதான் அழுந்தும், நடு உருவம் மங்கும்.

உருவத்துக்கு அக்கால வழக்கமே அழகு: பீடத்தில் பாபிலோனின் தலைமைக் கடவுள் மார்துக்கின் மண்வெட்டி, எழுத்துக் கடவுள் நாபுவின் எழுத்தாணி, எதிரே கையுயர்த்தி வணங்கும் ஆள். அது நம் வயல் மண்வெட்டி அல்ல. நேர்க்காம்பில் ஈட்டி போன்ற முக்கோணத் தலை. எழுத்தாணியும் ஓலை கீறுவதல்ல, களிமண்ணில் ஆப்பு வடிவம் பதிப்பது. இடவலம் மாற்றி வரையுங்கள்.

2 மி.மீ. உருண்டை பிட்டால் தலை, தோள், இடுப்புக்குக் குழி போட்டு, பின் கூர்முனையால் இணையுங்கள். பாபிலோன் கைவினைஞர் பலர் அந்தக் குழிகளை மறைக்காமலே விட்டார்கள், நீங்களும் விடலாம். ஆழம் 1.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். குழியின் சுவர் வெளிப்பக்கம் சரியட்டும். உள்ளே குடைந்தால் மண் மாட்டிக்கொள்ளும்.

கல்லைப் பார்த்துச் செதுக்காதீர்கள், பதிவைப் பார்த்துச் செதுக்குங்கள். பத்துக் கீறலுக்கு ஒருமுறை களிமண்ணில் அழுத்திப் பாருங்கள். ஆழமாகப் போனது போனதுதான், திரும்ப நிரப்ப முடியாது.

குளத்துக் களிமண்ணைக் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டி, விரல்ரேகை பதிந்தும் கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசையுங்கள். அதை 1 செ.மீ. தடிமனுள்ள தகடாகத் தட்டுங்கள். முத்திரை முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துவிடுங்கள். மிஞ்சினால் நுண்கோடுகள் அடைபடும். நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள், ஆட்டினால் உருவம் இரட்டிக்கும். நிழலில் நான்கு நாள், சாரல் காலமென்றால் ஒரு வாரம் காயட்டும். வெயிலில் வைத்தால் ஓரம் வளைந்து எழும்பும்.