பூஸ்ட் பட்டனைத் தொடாமல் வியாபாரத்தை வளர்ப்பது எப்படி

பேஜ் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது, தினமும் ஏதாவது போடுகிறேன், லைக் போடுவது என் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். இப்படிப் புலம்பாத சிறு வியாபாரியை நான் இதுவரை பார்க்கவில்லை. நானும் புலம்பியவன்தான். பை தைப்பது என் தொழில். புதுப் பையும் தைப்பேன், பழைய பையைப் பழுதும் பார்ப்பேன். முதல் வருடம் முழுக்க நான் போட்டதெல்லாம் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பையை வைத்து எடுத்த படம், கீழே "ஆர்டருக்கு இன்பாக்ஸில் வரவும்". யாரும் வரவில்லை. வருவார்களா என்ன, பை வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டா ஒருவர் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்?

அப்புறம் ஒரு நாள் வேலைக்கு நடுவில் சும்மா ஒரு வீடியோ எடுத்தேன். ஜிப்பை இழுத்தால் மூடும், மூடிய கையோடு பின்னாலேயே பிளந்துகொண்டும் வரும், பார்த்திருப்பீர்கள். பல் போய்விட்டது என்று நினைத்துப் பையையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பல்லில் ஒன்றும் இருக்காது. ரன்னர், அதாவது பல்லைப் பூட்டிக்கொண்டு ஓடுகிற துண்டு, தேய்ந்து வாய் அகன்றிருக்கும், அவ்வளவுதான். ரன்னரை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, அதன் இரண்டு பக்க ஓரத்தையும் குறடால் லேசாக, ரொம்ப லேசாக, அழுத்தினால் பல் மறுபடி கவ்விக்கொள்ளும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ரன்னர் உடைந்துவிடும். இதை முகம்கூடக் காட்டாமல், கை மட்டும் தெரிகிற மாதிரி அரை நிமிடத்துக்கு எடுத்துப் போட்டேன். என்னிடம் வராமலே சரிசெய்துகொள்வது எப்படி என்று நானே சொல்லிக்கொடுத்த வீடியோ அது. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். நீங்கள் சொன்னபடி அழுத்தினேன், உடைந்துவிட்டது, நீங்களே மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஜிப் நன்றாகவே சரியாகிவிட்டது, ஆனால் இந்த ஆளுக்கு வேலை தெரிகிறது என்று வேறு பையோடு வந்தவர்கள் மீதிப் பேர்.

அந்த வீடியோ எடுக்கத் தோன்றியதற்குக் காரணம் பெரிய யோசனை எல்லாம் இல்லை. அந்த வாரத்தில் மூன்றாவது ஆள் அதே கேள்வியைக் கேட்டார், எனக்கு வாய் வலித்தது, வீடியோவாக எடுத்து வைத்தால் அனுப்பிவிடலாமே என்று நினைத்தேன். பூஸ்ட் பட்டனை அழுத்தி, போஸ்ட்டை அதிகம் பேருக்குக் காட்டக் காசு கட்டாமல், அதாவது ஆர்கானிக்காக, வளர்வதற்கு எனக்குத் தெரிந்த வழி இந்த வாய்வலியிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி நோட்டு

ஒரு நோட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் நேரில் கேட்பது, போனில் கேட்பது, வாட்ஸ்அப்பில் கேட்பது, கமென்டில் கேட்பது எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சொல் முக்கியம். நான் 'ரன்னர் தேய்மானம்' என்பேன், அவர்கள் 'ஜிப் பிளக்குது' என்பார்கள். தேடும்போதும் அவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். தலைப்பில் நம் தொழில் பாஷையைப் போட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும், அவர் நம்மிடம் வாங்கப்போவதில்லை.

எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். யோகா கற்றுத் தருபவரிடம் 'முட்டி வலி இருக்கு, நான் சேரலாமா' என்று கேட்டிருப்பார்கள். கணக்கு எழுதிக் கொடுப்பவரிடம் 'எந்தெந்த பில்லை எல்லாம் எடுத்து வைக்கணும்' என்று கேட்டிருப்பார்கள். மரவேலை செய்பவரிடம் 'பிளைவுட்டா, மரமா, எது நிற்கும்' என்று கேட்காதவர் கிடையாது. வாங்குவதற்கு முன்னால் வருகிற பயம், இரண்டில் எது என்ற குழப்பம், வாங்கிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற சந்தேகம், இந்த மூன்று வகையிலேயே கேள்விகள் முக்கால்வாசி அடங்கிவிடும். பயத்துக்குப் பதில் சொல்கிற போஸ்ட்தான் வியாபாரத்தைக் கொண்டுவருகிறது என்பது என் அனுபவம், லைக் கொஞ்சம் குறைவாக வந்தாலும்.

உங்கள் சரக்கு யாருக்குச் சரிப்படாது என்பதையும் ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள். தினமும் மழையில் வண்டி ஓட்டுகிறவர் நான் தைக்கும் கேன்வாஸ் பையை வாங்காதீர்கள் என்று ஒருமுறை எழுதினேன். பைத்தியமா உனக்கு என்று வீட்டில் கேட்டார்கள். அடுத்த வாரம் வந்த ஒருவர், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன், நான் வண்டி ஓட்டுவதில்லை, ஒன்று கொடுங்கள் என்றார்.

ஒரு கேள்வி, ஒரு வீடியோ

எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சம் விழுகிற இடம், போனை ஆடாமல் நிறுத்த ஏதாவது ஒரு முட்டு, துடைத்த லென்ஸ். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

முதல் இரண்டு மூன்று விநாடியில் பிரச்சினை கண்ணில் தெரிய வேண்டும். "வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு நாம் பார்க்கப்போவது" என்று நீங்கள் ஆரம்பித்து முடிப்பதற்குள் அவர் விரல் அடுத்த வீடியோவுக்குப் போயிருக்கும். என் வீடியோ பிளக்கிற ஜிப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. பார்த்ததும், அட, நம் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கிறதே என்று தோன்றிவிடும், அதுவே ஆளை நிறுத்திவிடும். நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், அதனால் முக்கியமான நாலு சொல்லைத் திரையில் எழுதிவிடுங்கள். கேப்ஷனில் முதல் வரி மட்டும்தான் மடங்காமல் தெரியும், கேள்வியை அங்கே வையுங்கள். ஒரு வீடியோவில் ஒரே ஒரு விஷயம்; இரண்டாவது விஷயம் நினைவுக்கு வந்தால் சந்தோஷம், நாளைக்கு ஒன்று தயார்.

பாட்டு விஷயத்தில் ஜாக்கிரதை. இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குகளுக்கு எல்லாப் பாட்டும் கிடைக்காது, வியாபாரத்துக்குப் பயன்படுத்த உரிமை வேண்டும், உரிமை இல்லாத பாட்டைச் சேர்த்தால் வீடியோவே சத்தமில்லாமல் போகலாம். கையின் சத்தம், மிஷின் சத்தம், உங்கள் குரல், இது போதும். இன்னொன்று, ஒரு ஆப்பில் போட்டதை அந்த ஆப்பின் முத்திரையோடு இறக்கி இன்னொன்றில் ஏற்றாதீர்கள். அப்படி முத்திரை தெரிகிற ரீல்ஸைக் குறைவாகத்தான் காட்டுவோம் என்று இன்ஸ்டாகிராம் 2021லேயே சொல்லிவிட்டது. போன் கேலரியில் இருக்கிற அசல் கோப்பை ஏற்றுங்கள்.

அல்காரிதம் என்ற பூதம்

முன்பு எல்லாம் போட்டதும் போட்ட வரிசையில் எல்லாருக்கும் தெரியும். இன்ஸ்டாகிராம் 2016ல் அந்த வரிசையை மாற்றி, அவரவருக்கு எது பிடிக்கும் என்று கணித்துக் காட்ட ஆரம்பித்தது. இப்படிக் கணிக்கிற கணினி முறைக்குத்தான் அல்காரிதம் என்று பெயர். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கில் மார்க் ஸக்கர்பர்க், இனி நண்பர்கள், குடும்பத்தாருடைய போஸ்ட்டுக்குத்தான் முன்னுரிமை, வியாபாரப் பக்கங்களின் போஸ்ட் குறையும் என்று அறிவித்தார். உங்கள் பேஜுக்கு ஆயிரம் ஃபாலோயர் இருந்தும் பார்த்தது சொற்பம் பேர் என்றால், அதற்கு உங்கள் ராசி காரணம் இல்லை.

ஆனால் இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமை நடத்துகிற ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று அளவைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். இதில் ஏற்கெனவே ஃபாலோ செய்கிறவர்களிடம் போய்ச் சேர லைக் உதவும், நம்மைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர 'அனுப்புவது'தான் அதிகம் உதவும். அனுப்புவது என்றால் என்ன? 'ஏய், உன் பை ஜிப் இப்படித்தானே ஆச்சு, இதைப் பாரு' என்று ஒருவர் தங்கைக்குத் தட்டிவிடுவது. அதனால் போஸ்ட் போடும் முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: இதை யார், யாருக்கு அனுப்புவார்? முகம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் அது காலை வணக்கப் படம் மாதிரிதான்.

ஹேஷ்டேக் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். விஷயத்தைச் சொல்கிற இரண்டு மூன்று போதும். அதனால் ரீச், அதாவது போஸ்ட் போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கை, பெரிதாக அதிகரிக்காது என்று மொசேரியே சொல்லியிருக்கிறார்.

எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டியதும் இல்லை. ஒன்றை ஒழுங்காக நடத்துங்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும் சரக்கு என்றால் இன்ஸ்டாகிராம். 'எப்படி' என்று தேடி வருகிற விஷயம் என்றால் யூடியூப். அங்கே ஒரு வீடியோ வருடக்கணக்கில் ஆள் கூட்டிவரும், ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போடலாம். உங்கள் வாடிக்கையாளர் நிறுவனங்கள் என்றால் லிங்க்ட்இன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் கேவலமாக நினைக்காதீர்கள், ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இன்பாக்ஸ்தான் கடை

விலை கேட்டால் 'இன்பாக்ஸ் ப்ளீஸ்' என்று பதில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒருவர் கேட்கிறார் என்றால் கேட்கக் கூச்சப்பட்டு இன்னும் பலர் அதே கமென்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். விலையை அங்கேயே சொல்லுங்கள். அளவைப் பொறுத்து மாறும் என்றால் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, எதனால் மாறும் என்று சொல்லுங்கள்.

பதில் தாமதமானால் ஆள் போய்விடுவார். அதற்காக ராத்திரி பகல் போனோடு கிடக்க முடியாது. நான் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று வைத்திருக்கிறேன், அதை பேஜின் மேலே வரும் அறிமுகக் குறிப்பான பயோவிலும் எழுதியிருக்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் அடிக்கடி சொல்கிற பதில்களைச் சேமித்து வைக்கலாம், கேட்லாக் போடலாம், பணம் பாக்கி, புது ஆர்டர் என்று சாட்டுக்கு லேபிள் ஒட்டலாம், எல்லாம் இலவசம். பயோ என்றதும் நினைவுக்கு வருகிறது: இன்ஸ்டாகிராம் கொடுப்பது 150 எழுத்துதான், அதில் 'கனவுகளைத் தைக்கிறோம்' என்று எழுதி வீணாக்காதீர்கள். என்ன செய்கிறீர்கள், யாருக்கு, எப்படித் தொடர்புகொள்வது, அது போதும்.

திட்டிக் கமென்ட் வந்தால் அழிக்காதீர்கள், அசிங்கமாகப் பேசினால் தவிர. தவறு நம்முடையது என்றால் அங்கேயே ஒப்புக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை தோள்பட்டி பிய்ந்துபோய் ஒருவர் படத்தோடு போட்டார். தையலைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நூல் சரியில்லை, என் தப்புதான். மாற்றித் தைத்து அனுப்பியதோடு, எந்த நூல், ஏன் விட்டது, இப்போது எதில் தைக்கிறேன் என்று ஒரு வீடியோவும் போட்டேன். பிய்ந்த பட்டியைக் காட்டுகிறவன் நல்ல பட்டியையும் காட்டலாம், நம்புவார்கள்.

செய்யக் கூடாதவை, செய்ய வேண்டிய ஒன்று

ஃபாலோயரைக் காசுக்கு வாங்காதீர்கள். அந்தக் கணக்குகள் பார்க்காது, அனுப்பாது, வாங்கவும் வாங்காது. ஃபாலோயர் எண்ணிக்கை ஏறும், அவர்களில் பார்த்து லைக் போடுகிறவர்களின் விகிதம் விழும். 'ஃபாலோ செய்தால் இலவசப் பரிசு' போட்டியும் கிட்டத்தட்ட அதே கதைதான், பரிசு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நோட்டில் நான் வாரம் ஒருமுறை எழுதுவது இரண்டு எண்: புதிதாக எத்தனை பேர் விசாரித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் எந்த போஸ்ட்டைப் பார்த்து வந்தோம் என்று சொன்னார்கள். கேட்டால் சொல்வார்கள்.

செய்ய வேண்டியது, வாடிக்கையாளர் பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்வது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014ல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019ல். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. வாடகை இடத்தில் கடை போடலாம், கணக்குப் புத்தகத்தையும் அங்கேயே விட்டு வரக் கூடாது. சம்மதம் கேட்டு, பெயர், எண், என்ன வாங்கினார் என்று உங்களிடமே குறித்து வையுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும்; அதனால் பையைக் கையில் கொடுக்கும்போதே, ஜிப்பில் ஏதாவது பிரச்சினை என்றால் கேளுங்கள், நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சரி, அந்த பூஸ்ட் பட்டனை எப்போதுமே தொடக் கூடாதா? தொடலாம். காசு கட்டாமலே தானாகப் பரவி, அதைப் பார்த்து வந்தோம் என்று நாலு பேராவது சொல்லியிருக்கிற போஸ்ட் ஒன்று உங்களிடம் இருந்தால், அதற்குக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். என் ஜிப் வீடியோவுக்கு நான் போட்டது ஒன்றரை வருடம் கழித்து. இந்த வாரம் அதன் கீழே ஒருவர், குறடு இல்லை, கத்தரிக்கோலால் அழுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். நோட்டில் எழுதிவிட்டேன், நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் எடுக்க வேண்டும்.