வடிகஞ்சியும் வாழைப்பழமும் போதும்: செல்லில் இருக்கும் நான்கு சேர்மங்களை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம். பத்தாவது படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த நான்கையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும், ஆனால் இதில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் முழிக்கும். நான்கையுமே பார்க்கலாம். ஓரிரு சோதனைக்கு மட்டும் பள்ளி ஆய்வகம் வேண்டும், மற்றதெல்லாம் சமையலறையிலும் மெடிக்கல் கடையிலும் கிடைக்கிற சாமான்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். மருந்து ஊற்றியதும் நிறம் மாறுகிறது என்றால், அந்த மூலக்கூறு எப்படிச் சுருண்டிருக்கிறது, எதோடு எது பிணைந்திருக்கிறது என்பதற்குப் பதில் வருகிறது என்று அர்த்தம். அதனால் நிறம் மாறாவிட்டாலும் சோதனை வீண் கிடையாது, சில சமயம் அதுதான் அதிகம் சொல்லும். ஒவ்வொரு சோதனையையும் பக்கத்திலேயே வெறும் தண்ணீரிலும் செய்து வையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் "லேசா நீலமா தெரியுது" என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை.

முதலில் மாவுச்சத்து. புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் வாங்கிக்கொள்ளுங்கள், பீட்டாடின் என்று கேட்டாலும் கொடுப்பார்கள், களிம்பு வேண்டாம், கரைசல்தான் வேண்டும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டு வாருங்கள். வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, இதில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். ஆறவிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்ற சங்கிலி சுருள்சுருளாக இருக்கும், அயோடின் அந்தச் சுருளுக்குள் வரிசையாகப் போய் உட்காரும்போதுதான் நீலம் வருகிறது. சூடாக இருந்தால் அயோடின் உள்ளே நிற்காது. நீலமான கஞ்சியையே கொஞ்சம் சூடுபடுத்திப் பாருங்கள், நிறம் மங்கிக் காணாமல் போகும், ஆறியதும் திரும்ப வரும்.

இப்போது சுத்தமான பஞ்சில் ஒரு சொட்டு. நீலம் வராது, பழுப்பாகவே நிற்கும். பஞ்சு முழுக்க செல்லுலோஸ், அதுவும் மாவுச்சத்தைப் போலவே குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான், ஆனால் குளுக்கோஸ்கள் பிணைந்திருக்கும் விதம் வேறு என்பதால் சங்கிலி நேராக ஓடுகிறது, சுருளே இல்லை, அயோடினுக்கு உட்கார இடமும் இல்லை. நம் குடலால் சோற்றைச் செரிக்க முடிந்து பஞ்சைச் செரிக்க முடியாததற்கும் இந்தப் பிணைப்புதான் காரணம். நோட்டுத்தாளில் விட்டால் பெரும்பாலும் நீலமாகும், தாள் தயாரிக்கும்போது மாவுச்சத்து சேர்ப்பது வழக்கம். ரூபாய் நோட்டு பருத்தியில் செய்தது என்பதால் அதில் அப்படி வராது, அதற்காக நோட்டை எடுத்து நனைக்க வேண்டாம்.

வாழைக்காய்த் துண்டிலும் நன்கு கனிந்த பழத்திலும் அதே சொட்டை விட்டுப் பாருங்கள். காய் கறுத்துவிடும், பழம் அவ்வளவாக மாறாது, பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாகிவிடுகிறது. எலுமிச்சை, கொய்யா, நெல்லி பக்கம் மட்டும் இந்தச் சோதனையைக் கொண்டு போகாதீர்கள், அவற்றில் இருக்கும் வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும், மாவுச்சத்து இருந்தாலும் இல்லை என்று தோன்றும்.

சர்க்கரைக்கு வேறு மருந்து, செம்பு கலந்த பெனடிக்ட் கரைசல். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும், குளுக்கோஸ் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால் நீலம், பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் சிவப்பில் நிற்கும். வீட்டுச் சர்க்கரையை, அதாவது சுக்ரோஸை, போட்டால் நீலம் நீலமாகவே இருக்கும், அவ்வளவு இனிக்கிற பொருளாயிற்றே என்று குழம்ப வேண்டாம். சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒன்றையொன்று பிடித்திருப்பதே செம்போடு வினைபுரிய வேண்டிய முனைகளில்தான். கொஞ்சம் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்துப் பிரித்து, சோடா உப்பால் அமிலத்தை முறித்துவிட்டுச் சோதித்தால் சிவப்பு வரும்.

கொழுப்பு சுலபம். பழுப்புத் தாளில் வேர்க்கடலையை நசுக்கித் தேயுங்கள், பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், காயவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர்க் கறை போயிருக்கும், எண்ணெய்க் கறை ஒளியை விட்டபடி அப்படியே இருக்கும்.

புரதத்துக்கு வருவோம், செல்லில் வேலைக்காரன் இதுதான். ஒரு பாக்டீரியா செல்லின் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர், மிச்சத்தில் பாதி, அதாவது மொத்தத்தில் சுமார் 15 சதவீதம், புரதம். முட்டை வெள்ளைக்கரு வெந்து வெளுப்பது புரதம் உருக்குலைவதால், பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவது புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், ஆனால் இதை மட்டும் வைத்துப் புரதம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு பையூரெட் சோதனை: வெள்ளைக்கருவை நீர்க்கக் கரைத்து, காஸ்டிக் சோடா கரைசலும் இரண்டு சொட்டு மயில்துத்தக் கரைசலும் விட்டால் ஊதா நிறம் வரும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரிக்கும், மயில்துத்தம் விஷம், அதனால் இதை ஆய்வகத்தில் ஆசிரியர் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மயில்துத்தத்திலும் செம்புதான் இருக்கிறது, இங்கே அது பார்ப்பது புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பைத்தான், தனித்தனி அமினோ அமிலம் பொதுவாக ஊதா தராது.

வீட்டில் அதைவிட நல்ல வேடிக்கை ஒன்று இருக்கிறது. உப்புப் போடாத நீர்த்த வடிகஞ்சியை மூன்று டம்ளரில் எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள், இரண்டாவதில் ஒரு ஸ்பூன் உமிழ்நீர், மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறவைத்த உமிழ்நீர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைத் தட்டில் எடுத்து அயோடின் விடுங்கள். இரண்டாவதில் மட்டும் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், அமைலேஸ் என்ற புரதம் மாவுச்சத்தை வெட்டுகிறது. கொதிக்கவைத்ததில் அமைலேஸும் உருக்குலைந்துவிட்டது, ஆகவே அங்கே நீலம் அப்படியே இருக்கும்.

கடைசியாக நியூக்ளிக் அமிலம், அதில் ஒரு வகையான டி.என்.ஏ. 1869-இல் ஃப்ரெடரிக் மீஷர் என்ற சுவிஸ் நாட்டு இளைஞர், ஜெர்மனியில் டூபிங்கன் கோட்டையின் பழைய சமையலறையில் இருந்த ஆய்வகத்தில், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தார். நமக்குச் சீழ் வேண்டாம், பாதி வாழைப்பழம் போதும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மூடி இறுக்கி முந்தைய இரவே ஃப்ரீசரில் வையுங்கள், 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. எடுத்த பிறகு அடுப்புப் பக்கம் போகக் கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். பழத்தை அரை டம்ளர் தண்ணீரும் கால் ஸ்பூன் உப்பும் சேர்த்துக் கூழாக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன் விட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனது என்பதால் சோப்பு அதைக் கரைத்து உடைக்கிறது. மெல்லிய வேட்டித்துணியில் பிழியாமல் வடித்து, ஒடுக்கமான கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் புது அன்னாசிச் சாறு சேர்ப்பதும் உண்டு, அதிலுள்ள நொதி டி.என்.ஏ.வைச் சுற்றியிருக்கும் புரதத்தை வெட்டும், மீஷர் இதே வேலைக்குப் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்ற நொதியைப் பயன்படுத்தினார். அப்புறம் டம்ளரைச் சாய்த்து, சில்லென்ற ஆல்கஹாலை ஓரமாக வழியவிடுங்கள், கலங்காமல் மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்திலிருந்து சில நிமிடங்களில் வெள்ளை இழைகள் எழும்பும், குச்சியில் சுற்றி எடுக்கலாம். டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்சுமை உண்டு, உப்பின் சோடியம் அதைச் சமன் செய்வதால் இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்கின்றன, ஆல்கஹாலில் கரையாததால் வெளியே வந்துவிடுகின்றன.

குச்சியில் இருப்பது சுத்தமான டி.என்.ஏ. என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு நியூக்ளிக் அமிலமான ஆர்.என்.ஏ., மிச்சப் புரதம், பழத்தின் பெக்டின் என்ற நார்ப்பொருள் எல்லாம் கலந்த கட்டிதான் அது, பெக்டின் கணிசமாகவே இருக்கும். இழையே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆல்கஹால் போதுமான அளவு குளிர்ந்திருக்காது, இல்லையென்றால் வேகமாக ஊற்றிக் கலக்கியிருப்பீர்கள். முடித்ததும் கூழையும் ஆல்கஹாலையும் நிறையத் தண்ணீர் விட்டுத் தொட்டியில் ஊற்றிவிடலாம், பயன்படுத்திய டம்ளரை மட்டும் நன்றாகக் கழுவாமல் திரும்ப அலமாரியில் வைக்காதீர்கள்.